பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு எந்த வேலை? டர்பன் கோயில் அலுவலகக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே, சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் அலுவலகம். இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி: எட்டாம் தலைமுறை ஐ3 செயலி, 8 ஜிபி ராம், 3.5 அங்குல 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். உறுப்பினர் பட்டியல், நன்கொடை ரசீது, மண்டப முன்பதிவு, காவடி, தீமிதி வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். இவற்றோடு, குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்த பழைய காகிதங்களின் ஸ்கேன்களும் இருந்தன. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கும் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல் நகல்கள், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் எடுத்த கல்யாணப் படங்கள் போன்றவை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த வீடுகளில் இப்படிப்பட்ட படம் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும். கணினியில் இருந்தவற்றுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

இடம் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் 4960 பெருக்கல் 7016 பிக்சல், பிக்சலுக்கு 3 பைட். ஏறக்குறைய 104 எம்பி. ஆயிரம் தாளுக்கு 104 ஜிபி. வீடியோக்களையும் சேர்த்து இந்த டிஸ்க்கில் 310 ஜிபி நிரம்பியிருந்தது.

கணினி எழுந்து வரவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்கிப் போட்டார்கள். அது வேலை செய்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

அலுவலகத்தில் முதலில் எழுந்த யோசனை எல்லோருக்கும் எழுவதுதான்: “புதுசு 500, பழசு 1000. படம், வீடியோ எல்லாத்தையும் பழசுக்கு மாத்திட்டா புதுசு காலியா வேகமா ஓடும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பொருள், திரும்பக் கிடைக்காதவற்றின் ஒரே பிரதியை அலுவலகத்திலேயே மிகவும் தேய்ந்த பொருளில் கொண்டுபோய் வைப்பது. பழைய டிஸ்க்குக்கு வேலை தேடும்போது அதில் எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதற்கு முன், நாளைக் காலை அது செத்துப்போனால் எது போகும் என்று பார்க்க வேண்டும். “ஒன்றும் போகாது, மூலம் வேறிடத்தில் இருக்கிறது” என்று சொல்ல முடிகிற வேலையை மட்டுமே அதற்குக் கொடுக்கலாம். இங்கே எடுத்த முடிவு அதுதான்: மூலம் எஸ்எஸ்டியில், நகல் பழைய டிஸ்க்கில். 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். 310 ஜிபி தரவும் விண்டோஸும் போக ஏறக்குறைய நூறு ஜிபி மிஞ்சும். அது நிரம்பும் நாளில் பெரிய எஸ்எஸ்டி வாங்க வேண்டுமே தவிர, மூலத்தைப் பழையதற்கு இறக்கக் கூடாது.

பிடுங்கியதும் கணினி எழவில்லை

எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 புதிதாக நிறுவியபோது பழைய டிஸ்க்கும் உள்ளே மாட்டியபடியே இருந்தது. எல்லாம் நன்றாக ஓடியது. சில நாள் கழித்துப் பழையதன் சாட்டா கேபிளைப் பிடுங்கியதும், பூட் செய்ய எதுவும் இல்லை என்ற கறுப்புத் திரை.

விண்டோஸ் நிறுவி, கணினியில் ஏற்கெனவே ஈஎஃப்ஐ பகிர்வு (பூட் கோப்புகளுக்காக டிஸ்க்கில் ஒதுக்கிய சிறு பகுதி) ஒன்று இருப்பதைக் கண்டால் பூட் கோப்புகளை அங்கேயே எழுதிவிடும். அந்தச் சின்னப் பகிர்வு பழைய டிஸ்க்கின் தலைப்பில் இருந்தது. விண்டோஸ் எஸ்எஸ்டியில், அதை எழுப்பும் சாவி பழையதில். யாராவது அவசரப்பட்டுப் பழையதை ஃபார்மட் செய்திருந்தால் கணினி அங்கேயே நின்றிருக்கும். நிறுவல் யுஎஸ்பியில் பூட் செய்து மீட்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும்.

சரிசெய்யும் வழி இது. பழையதை மறுபடி மாட்டி விண்டோஸை எழுப்பவும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் சாளரம் திறந்து, டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்டுக்குள் போய், எஸ்எஸ்டியையும் அதில் விண்டோஸ் இருக்கும் சி பகிர்வையும் தேர்ந்தெடுக்கவும். ஷ்ரிங்க் கட்டளையால் அதிலிருந்து 300 எம்பி குறைத்து, அந்தக் காலி இடத்தில் 260 எம்பிக்கு ஈஎஃப்ஐ வகைப் பகிர்வு ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுக்கவும். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து, பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் பாதை, இலக்காக எஸ் பகிர்வு, ஃபர்ம்வேர் வகையாக யுஇஎஃப்ஐ ஆகிய மூன்றையும் கொடுத்தால் பூட் கோப்புகள் எஸ்எஸ்டியில் எழுதப்படும். எஸ்எஸ்டி ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறையில் பகிரப்பட்டிருந்தால்தான் இது செல்லும். பிறகு கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி, பயாஸில் எஸ்எஸ்டியை முதலில் வைத்து எழுப்ப வேண்டும். பழையது இல்லாமல் இரண்டு முறையாவது சுத்தமாக எழுந்த பிறகே அழிக்கும் பேச்சு. இவ்வளவும் வேண்டாம் என்றால், எஸ்எஸ்டியில் நிறுவத் தொடங்கும் முன்பே பழையதன் கேபிளைப் பிடுங்கிவிட்டால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. டிஸ்க்பார்ட் காட்டும் 0, 1 என்ற எண்கள் நிலையானவை அல்ல. கேபிள் மாறினால் எண்ணும் மாறலாம். கொள்ளளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: 465 ஜிபி காட்டுவது எஸ்எஸ்டி, 931 ஜிபி காட்டுவது பழையது. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் வேறு கணினியில் மாட்டி அழிப்பதே நல்லது.

நகலெடுப்பில் நின்ற இரண்டு கோப்புகள்

பழையதிலிருந்து 310 ஜிபியை எஸ்எஸ்டிக்கு ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகலெடுப்புக் கட்டளை கொண்டு நகலெடுத்தபோது, ஒரு காவடி வீடியோவில் வேலை அப்படியே நின்றது. ரோபோகாப்பியின் இயல்பு அமைப்பு, படிக்க முடியாத கோப்பை 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயல்வது. எண் தவறாக அச்சாகவில்லை, பத்து லட்சம்தான். ஆகவே மறுமுயற்சியைக் குறிக்கும் ஆர் விருப்பத்துக்கு 1, காத்திருப்பைக் குறிக்கும் டபிள்யூ விருப்பத்துக்கு 1 என்று கொடுத்து, லாக் கோப்பும் எழுதச் சொன்னால்தான் இரவோடிரவாக வேலை முடியும். கடைசியில் இரண்டு கோப்புகள் வரவில்லை: அந்த வீடியோ, ஒரு டிஃப் ஸ்கேன். ஸ்கேனின் மூலத்தாள் அந்தக் குடும்பத்திடமே இருந்ததால் மறுபடி ஸ்கேன் ஆனது. வீடியோ, படம் பிடித்தவரின் மெமரி கார்டில் மிஞ்சியிருந்தது. இரண்டும் கிடைத்தது அதிர்ஷ்டம்.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். அது எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். மெனுவில் மூல மதிப்புகளைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாததால் பெண்டிங் செக்டர் (செக்டர் என்பது டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டு) 10 என்றுதான் முதலில் குறித்து வைத்திருந்தார்கள். உண்மையில் அது 16.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் பார்க்க வேண்டியவை சில வரிகளே. 5ஆம் வரி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள்: இங்கே 0. 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பெண்டிங் செக்டர்கள்: 16. 198ஆம் வரி, பிழை திருத்த முடியாத செக்டர்கள்: அதே 16. 199, கேபிள் வழித் தரவுப் பிழை: 0. 192ஆம் வரி, மின்சாரம் திடீரென்று போய், தட்டைப் படிக்கும் முனையான ஹெட் அவசரமாகப் பின்வாங்கிய எண்ணிக்கை: நூற்றுக்கணக்கில். சில கம்பெனி டிஸ்க்குகளில் 1ஆம் வரியும் 7ஆம் வரியும் கோடிக்கணக்கில் காட்டும். அங்கே ஒரே எண்ணுக்குள் இரண்டு கணக்குகள் அடைந்திருக்கின்றன. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

16 என்ற எண்ணே ஒன்றைச் சொல்கிறது. இன்றைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டராக எழுதி, வெளியே 512 பைட்டாகக் காட்டுகின்றன. உள்ளே ஒரு செக்டர் கெட்டால் வெளியே எட்டாகத் தெரியும். ஆக 16 என்பது உண்மையில் இரண்டே இடம். வராமல் போன கோப்புகளும் இரண்டு.

192ஆம் வரியில் அவ்வளவு பெரிய எண் ஏன்? காரணம் லோட்ஷெடிங். 2023தான் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. 2024 மார்ச் 26க்குப் பிறகு பல மாதம் நின்று, 2025 ஜனவரி கடைசியில் மறுபடி எட்டிப்பார்த்தது. யுபிஎஸ் இல்லாத கணினி அத்தனை முறையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்திருக்கிறது. ஒரு செக்டரை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி புதுத் தரவு, பாதி பழையது, பிழைதிருத்தக் குறியீடு இரண்டோடும் பொருந்தாது. தட்டில் கீறல் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த செக்டர் படிக்க முடியாததாகிவிடும். அதன்மேல் மறுபடி முழுதாக எழுதினால் சரியாகிவிடும். அதாவது பெண்டிங் செக்டர் இரண்டு ரகம்: மின்வெட்டு விட்டுப்போன அரைகுறை எழுத்து ஒன்று, உண்மையிலேயே தேய்ந்த தட்டு இன்னொன்று. இரண்டையும் பிரித்தறிய டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்ப்பதே வழி.

முழு எழுத்துச் சோதனை

அழிக்கும் முன், எஸ்எஸ்டியில் வந்தவை சரியா என்று பார்த்தாக வேண்டும். கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்தினால் மட்டும் போதாது. பவர்ஷெல்லின் ஃபைல்ஹாஷ் கட்டளையால் இரு பக்கமும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டார்கள். அதன் பிறகும் ஒரு மாதம் பழையதைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தது நல்ல முடிவு. கணக்கு மென்பொருளின் தரவு, டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே மறைந்திருக்கும் கோப்புறை ஒன்றில் இருந்தது. மாதக் கடைசியில் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அது வரவில்லை என்பது தெரிந்தது.

விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது ‘க்விக்’ என்ற குறியை எடுத்துவிட்டால், பகிர்வு முழுவதும் பூஜ்யம் எழுதி, கெட்ட இடங்களையும் சோதிக்கும். டிஸ்க்பார்ட்டின் கிளீன் ஆல் கட்டளையும் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். ஆனால் எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, திரை அசையாமல் நிற்கும். அசையவில்லையே என்று நடுவில் மூடியவர்கள் உண்டு. இங்கே முதலில் கிளீன் கட்டளையால் பழைய பகிர்வுகளை, ஈஎஃப்ஐ, ரெக்கவரி உட்பட, நீக்கினார்கள். பிறகு ஜிபிடிக்கு மாற்றி, ஒரே பகிர்வாக்கி, என்டிஎஃப்எஸ் முழு ஃபார்மட் ஓடியது.

நிமிடத்துக்கு 7200 சுழற்சி டிஸ்க் வெளி விளிம்பில் விநாடிக்கு 180 எம்பி அளவிலும், உள் விளிம்பில் அதில் பாதியிலும் எழுதும். சராசரி 140 என்று வைத்தால் 1 டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரம். டர்பனில் லோட்ஷெடிங் பொதுவாக இரண்டு மணி நேரத் துண்டுகளாக வந்தது. ஆகவே ஒரு வெட்டு முடிந்து கரண்ட் வந்து, வோல்டேஜ் நிலைக்க ஒரு பதினைந்து நிமிடம் விட்டுத் தொடங்குவதே சரி. 650 விஏ யுபிஎஸ் இருந்தால் கணினியை ஒழுங்காக மூட நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேர ஃபார்மட்டை அது தாங்காது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட மோசம், சோதனையே புதுப் பெண்டிங் செக்டர்களை உண்டாக்கி முடிவைக் குழப்பிவிடும்.

முடிவு: 197 பூஜ்யம், 198 பூஜ்யம், 5ஆம் வரியும் பூஜ்யமாகவே நின்றது. ஒதுக்க வேண்டிய அளவுக்கு எந்த இடமும் கெடவில்லை. பதினாறும் மின்வெட்டின் வேலைதான். மாறாக 5ஆம் வரி ஏறியிருந்தால் மறுபடி ஒருமுறை முழுதாக எழுதிப் பார்த்து, மேலும் ஏறினால் டிஸ்க்கை ஒதுக்கிவிட வேண்டும். 2007இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு பக்கமும் முக்கியம்: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், வலுவான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதையும் காட்டாமலே செத்தன. எண் கெட்டிருந்தால் நம்பலாம். எண் நன்றாக இருப்பதை வைத்து டிஸ்க்கை நம்ப முடியாது.

சோதனையின்போது 199ஆம் வரி 0லிருந்து ஏறத் தொடங்கியது. இது டிஸ்க் கோளாறு அல்ல. சாட்டா கேபிள் தளர்ந்திருந்தது. பூட்டுக் கிளிப் உள்ள கேபிளுக்கு மாற்றியதும் நின்றது. இந்த எண் ஏறினால் பிறகு இறங்காது. மேலும் ஏறாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

கைவிட்ட யோசனைகள்

கணினிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க்காக விடுவது எளிது. ஆனால் எஸ்எஸ்டியைத் தாக்கும் மின்னழுத்தப் பாய்ச்சல், திருட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் மூன்றும் அதையும் சேர்த்தே தாக்கும். எப்போதும் இணைந்தே இருக்கும் நகல், நகல் என்ற பெயருக்கு அரைத் தகுதிதான்.

ரவுட்டரின் யுஎஸ்பியில் மாட்டிப் பொது டிஸ்க் ஆக்கலாமே என்றார் ஒருவர். பல ரவுட்டர்கள் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். விண்டோஸ் 10, 11 பாதுகாப்புக் காரணமாக அதை இயல்பாக அணைத்து வைத்திருக்கின்றன. கோயில் கணக்கு இருக்கும் கணினியில் இதற்காக அந்தக் கதவைத் திறப்பது வேண்டாத வேலை.

சிசிடிவி ரெக்கார்டருக்குக் கொடுக்கும் யோசனை அவ்வளவு மோசமில்லை. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என்றால் விநாடிக்கு 1 எம்பி, நாளைக்கு 86 ஜிபி, 1 டெராபைட்டில் பதினொரு நாள் பதிவு. செத்தாலும் போவது பதினொரு நாள் படம்தான். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் எழுதும் வேலைக்கு மேசைக் கணினி டிஸ்க் செய்யப்படவில்லை. உண்டியல் உடைந்த இரவில்தான் அது செத்திருப்பது தெரியவரும். தவிர, இவர்களின் ரெக்கார்டரில் டிஸ்க் ஏற்கெனவே இருந்தது.

டாக், பிளக், கடவுச்சொல்

ஆக, பழைய டிஸ்க் கணினிக்கு வெளியே, நகலெடுக்கும்போது மட்டும் மாட்டும் நகலாக இருக்கட்டும் என்று முடிவானது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பியின் 5 வோல்ட் போதாது. சுழலத் தொடங்க 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஆகவே சொந்த அடாப்டர் உள்ள யுஎஸ்பி 3 டாக் (டிஸ்க்கைச் செருகி வைக்கும் தாங்கி) வேண்டும், 12 வோல்ட் 2 ஆம்பியருக்குக் குறையாமல். லோட்ஷெடிங்குக்காக வீட்டுக்கு வீடு வாங்கிய ரவுட்டர் மினி யுபிஎஸ்ஸிலும் 12 வோல்ட் துளை உண்டு. அதில் டாக்கை மாட்டும் ஆசை இங்கேயும் வந்தது. டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் மினி யுபிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள வெட்டிவிடும். டிஸ்க் பாதிச் சுழற்சியில் நின்று மறுபடி கிளம்பும். அதைச் செய்யவே கூடாது.

அடுத்த தொல்லை பிளக். டாக் ஐரோப்பிய இரண்டு ஊசிப் பிளக்கோடு வந்தது. நம் சுவரில் இருப்பதோ பருத்த மூன்று உருண்டை ஊசிச் சாக்கெட். நடுவே ஒரு மல்டிபிளக் அடாப்டர் போட்டதில் மேசையை இடித்தாலே டிஸ்க் ‘டக்’ என்று அணைந்தது. புதிய சிறு வடிவச் சாக்கெட் உள்ள சுவரில் அந்த இரண்டு ஊசி நேராக, இறுக்கமாகப் பொருந்தும்; டாக்கை அங்கே மாற்றியதும் தீர்ந்தது.

டாக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பிறகு கணினிக்குள் மாட்டினால், ‘ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்கலாம். சில டாக்குகள் செக்டர் அளவை வேறாக மாற்றிக் காட்டுவதுதான் காரணம். தரவு அப்படியே இருக்கும். ‘சரி’ என்று அழுத்தாமல் மறுபடி டாக்கிலேயே மாட்ட வேண்டும். ஆகவே எந்த டாக்கில் ஓடப்போகிறதோ அதிலேயே கடைசி ஃபார்மட்டைச் செய்யவும். எக்ஸ்ஃபேட் வகை ஃபார்மட் வேண்டாம், அதில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) இல்லாததால் திடீர் மின்வெட்டில் சேதம் அதிகம்.

உறுப்பினர் பட்டியலில் அடையாள எண், முகவரி, மத விவரம் எல்லாம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, மத நம்பிக்கையைத் தனிக் கவனத்துக்குரிய தகவலாக வைக்கிறது. கையில் எடுத்துப் போகக்கூடிய டிஸ்க் பூட்டில்லாமல் இருக்கக் கூடாது. விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிட்லாக்கர், ஹோம் என்றால் வெராகிரிப்ட். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு இரண்டு உறையில் போட்டு, தலைவரிடமும் பொருளாளரிடமும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். டிஸ்க் இருக்கும் டப்பாவிலேயே உறையையும் வைப்பது வழக்கமாக நடக்கும் கூத்து.

நகலெடுப்பு மாதம் ஒருமுறை, ரோபோகாப்பி கொண்டே. மிரர் விருப்பம் மட்டும் வேண்டாம்: மூலக் கோப்புறை தவறுதலாகக் காலியாகியிருந்தால் அது நகலையும் விசுவாசமாகக் காலியாக்கிவிடும். துணைக் கோப்புறைகளோடு நகலெடு, எதையும் நீக்காதே என்ற அமைப்பு போதும். குப்பை சேரும், சேரட்டும். ஒவ்வொரு முறையும் லாக்கின் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். வழக்கமாக நூறு, இருநூறு கோப்பு மாறும் இடத்தில் இருபதாயிரம் மாறியதாகக் காட்டினால் ரான்சம்வேர் புகுந்திருக்கலாம். டாக்கை உடனே அணைத்து, அடுத்துச் சொல்லும் இரண்டாவது நகல் டிஸ்க்கை மாட்டாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது டிஸ்க் பொருளாளரின் மடிக்கணினியிலிருந்து வந்தது: 2.5 அங்குலம், 500 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டிக்கு வழிவிட்டது. இதற்குத் தனி அடாப்டர் தேவையில்லை, யுஎஸ்பி 3 பெட்டி போதும். யுஎஸ்பி 2 துளையின் 500 மில்லிஆம்பியரில் மாட்டினால் க்ளிக், க்ளிக் என்று திணறும். 900 தரும் நீலத் துளையில், குட்டைக் கேபிளில் ஒழுங்காக ஓடியது. பெட்டியில் இறுக்க எம்3 திருகு. 3.5 அங்குலத்தின் அங்குல மரைத் திருகை இதில் திணித்தால் மரை போய்விடும்.

இந்தச் சிறிய டிஸ்க் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்நாட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் டர்பனை அடித்துக்கொண்டுபோன வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் தைப்பூசம், சித்திரை, ஆடி, புரட்டாசிக்குக் கோயிலுக்கு வரும். வரும்போது டிஸ்க்கும் வரும், அன்றே நகலெடுத்துத் திரும்பும். தனியாக நினைவூட்டல் தேவைப்படவில்லை.

வைக்கும் இடம்

டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஹார்ட் டிஸ்க் மூடிய பெட்டி அல்ல. மூடியில் வடிகட்டியோடு மூச்சுத் துளை ஒன்று உண்டு, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. ஈரக் காற்றில் முதலில் கெடுவது உள்ளே இருக்கும் தட்டு அல்ல, அடியிலுள்ள சர்க்யூட் பலகைக்கும் ஹெட், மோட்டாருக்கும் இடையிலான தொடர்புப் புள்ளிகள். அவை கறுத்தால் நல்ல டிஸ்க்கே எழாது. பலகையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பல சமயம் உயிர் பெறும். ஆன்டிஸ்டாட்டிக் பை, சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும். ஏசி அறையிலிருந்து எடுத்ததை உடனே ஓட்டாமல், அறை வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரம் விட வேண்டும்.

அலமாரியில் கரண்ட் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் நகலுக்கு எஸ்எஸ்டியைவிடப் பழைய ஹார்ட் டிஸ்க்கே மேல். தேய்ந்த எஸ்எஸ்டியில், அதுவும் வெக்கையில், செல்களின் மின்னூட்டம் மெல்லக் கசியும். காந்தத் தட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்பையும் ஹாஷ் பட்டியலோடு ஒப்பிட்டுப் படித்தால், ஓசையில்லாமல் கெட்டவை தெரியும்.

கழிக்கும் நாள்

5ஆம் வரி இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினால், அல்லது முழு எழுத்துக்குப் பிறகும் 197 திரும்ப வந்தால், டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்த போப்பியா சட்டத்தின் 14ஆம் பிரிவு, தேவை முடிந்த தனிப்பட்ட தகவலை மறுபடி படிக்கும்படி மீட்க முடியாதபடி அழிக்கச் சொல்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஒரு முறை பூஜ்யம் எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய காலத்து மிரட்சி. ஆனால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களுக்குள் அந்தப் பூஜ்யம் போய்ச் சேராது. ஏடிஏ செக்யூர் ஈரேஸ் கட்டளை, டிஸ்க் முழுதாக ஆதரித்தால், அவற்றையும் எட்டும். முதல் நாளிலிருந்தே பிட்லாக்கரில் இருந்த டிஸ்க் என்றால் சாவியை அழித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. சுழலவே மறுக்கும் டிஸ்க்குக்கு நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் திருப்புளி எடுத்து மூடியைத் திறந்து தட்டைக் கெடுப்பதுதான் வழி. 3.5 அங்குலத்தில் தட்டு பெரும்பாலும் அலுமினியம், ஆணியால் கீறி வளைக்கலாம், 2.5 அங்குலத்தில் கண்ணாடி, வளைக்கப் போனால் சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றித் தட்டவும். டிஸ்க்குக்குள் இருக்கும் இரண்டு காந்தங்களையும் எடுக்கும்போது விரல் நடுவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளவும்.

மிஞ்சியதைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது: 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவை நிலநிரப்பில் கொட்டத் தடை இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடத்தில் சர்க்யூட் பலகையைத் தனியாகவும் அலுமினிய உடலைத் தனியாகவும் பிரித்துக் கொடுக்கலாம்.